பண்ணைக் கொட்டிலில் பிறந்த ஹெலிகொப்டர்

1941 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி, அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்த பெல் விமான நிறுவனத்துக்கு ஆதர் யங் என்னும் 35 வயது மனிதர் வந்தார். அவர் எந்த விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றியவர் அல்லர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்றவர். அவர் கொண்டுவந்திருந்தது மின்மோட்டாரால் இயங்கும் ஒரு சிறிய மாதிரி ஹெலிகொப்டர் மட்டுமே. அந்தச் சிறு பொறிக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான தனிமனித உழைப்பு இருந்தது.

உலங்குவானூர்தி என்று நாம் தமிழில் பெயரிட்டிருக்கும் இந்த ஊர்தியை யங் கண்டுபிடித்தார் என்று கூறிவிட முடியாது. அவருக்கு முன்பே ஜேர்மனியிலும், அமெரிக்காவில் சிக்கோர்ஸ்கியின் கைகளிலும் ஹெலிகொப்டர்கள் பறந்துவிட்டன. ஆயினும் அவற்றை வானில் நிலையாக நிறுத்திவைப்பது பெரும்பாடாகவே இருந்தது. ஒருபுறம் சற்றுச் சாய்ந்தால் அந்தச் சாய்வு மேலும் பெருகி, இறுதியில் ஊர்தியையே கவிழ்த்துவிடும். யங் தமது ஆயுளின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டது இந்த ஒரு சிக்கலுக்காகவே.

பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் கொட்டிலில் மாதிரிகளைச் செய்து, பறக்கவிட்டு, உடைந்ததும் மீண்டும் செய்தார். பெரிய ஊர்தி விழுந்தால் உயிரும் பெரும்பணமும் போகும். மாதிரி விழுந்தால் ஒரு நாள் வேலைதான் போகும். அவர் கண்ட தீர்வு எளிமையானது. ஊஞ்சற்பலகை போல ஏறியிறங்கும் இரண்டு அலகுகள் கொண்ட சுழல்விசிறி. அதற்குச் செங்குத்தாக, இரு முனைகளிலும் பாரம் பொருத்திய ஒரு சட்டம். சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை அல்லவா? அதேபோல, ஊர்தியின் உடல் சாய்ந்தாலும் அந்தச் சட்டம் தன் தளத்திலேயே சுழன்று விசிறியைச் சமநிலையில் பிடித்து வைத்தது. இதன்பின் அவரது மாதிரி கொட்டிலின் கதவு வழியாக வெளியே பறந்து சென்று, மீண்டும் உள்ளே திரும்பியது.

நிறுவனத்தின் தலைவர் லோரன்ஸ் பெல் முழு அளவிலான ஊர்திகளைக் கட்ட இணங்கினார். 1942 இல் பஃபலோவுக்கு அண்மையில் கார்டன்வில் என்ற இடத்திலிருந்த ஒரு பழைய மோட்டார் கராஜில் யங்கும் சிறு குழுவினரும் வேலையைத் தொடங்கினர். அவ்வாண்டின் இறுதியில் முதல் ஊர்தி கயிற்றில் கட்டப்பட்ட நிலையில் தரையைவிட்டு எழுந்தது. 1943 ஜூன் 26 ஆம் திகதி கட்டின்றிப் பறந்தது. இரண்டாவது ஊர்தியில் இருவர் அமர இடமிருந்தது.

இந்தப் பொறி எதற்கு உதவும் என்பதை உலகுக்கு உணர்த்தியது ஒரு விபத்து. 1945 ஜனவரியில் சோதனை விமானி ஒருவர் தமது விமானத்திலிருந்து பரசூட்டில் குதித்து, பனிமூடிய நாட்டுப்புறத்தில் காயத்துடன் கிடந்தார். ஃபிளொய்ட் கார்ல்சன் என்ற விமானி இரண்டாவது இருக்கையில் ஒரு வைத்தியரை ஏற்றிச்சென்று அவரருகே இறக்கினார். இரண்டு மாதங்களின் பின், ஈரி ஏரியின் பனிக்கட்டியில் அகப்பட்ட மீனவர் இருவரையும் அவரே மீட்டார்.

பெல் 47 என்ற பெயருடன் இவ்வூர்தி 1945 டிசெம்பர் 8 ஆம் திகதி முதன்முறையாகப் பறந்தது. 1946 மார்ச் 8 ஆம் திகதி, அமெரிக்காவில் பொதுமக்கள் பாவனைக்குச் சான்றிதழ் பெற்ற முதலாவது ஹெலிகொப்டர் என்னும் சிறப்பை அடைந்தது. மோட்டார் காரைப் போல இதுவும் வீடுதோறும் வந்துவிடும் என்று அக்காலத்தில் பலர் கனவு கண்டனர். அது நிகழவில்லை. மாறாகக் கொரிய யுத்தம் வந்தது. சிறிய அறைக்குள் காயக்காரரைக் கிடத்த இடமில்லாததால், வெளியே இரு பக்கங்களிலும் படுக்கைகளைப் பொருத்தி, அவற்றில் அவர்களைக் கட்டிக் களமுனையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அவ்வாறு எடுத்துச்செல்லப்பட்டோர் தொகை ஏறத்தாழ 18,000 என்பர்.

இதே வகை ஹெலிகொப்டர்கள் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது இலங்கைக்கும் வந்தன. கொரியாவில் காயக்காரரைச் சுமந்த ஊர்தி, இங்கே ஓர் அரசு தன் நாட்டு இளைஞரை அடக்குவதற்குத் துணைநின்றது. பின்னர் எண்பதுகளில் வடக்கில் வளர்ந்த என் தலைமுறைக்கு, வேறு வகை ஹெலிகளின் ஒலியே முதலில் அறிமுகமானது. அந்த ஒலி கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்க்க எமக்குத் தோன்றவில்லை. பதுங்குகுழியைத் தேடி ஓடவே கால்கள் பழகியிருந்தன. இந்தப் பொறி உயிர் காக்கவும் வல்லது என்பதைப் பிற்காலத்தில் நூல்களிலேயே அறிந்துகொண்டேன்.

யங் 1947 இல் பெல் நிறுவனத்தைவிட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளைத் தத்துவ ஆராய்ச்சியில் கழித்து, 1995 இல் காலமானார். அவர் உருவாக்கிய வகையில் 5,600 இற்கும் மேற்பட்ட ஊர்திகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 1984 முதல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கலைப்பொருளாக இடம்பெற்றுள்ளது.

அழகிய பொறி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர்தியைச் சாயாமல் நிறுத்தும் வழியைத்தான் அந்தக் கொட்டிலில் ஒருவர் தேடிக் கண்டடைந்தார். அதில் ஏறிவருபவர் வைத்தியரா, துப்பாக்கி ஏந்தியவரா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடம் இருக்கவில்லை. அது எப்போதும் ஆள்வோரிடமும், அவர்களைக் கேள்வி கேட்கவேண்டிய எம்மிடமுமே இருந்து வந்திருக்கிறது.