முகப்பு விளக்கின் பல்பு: வீட்டில் மாற்றும் வழக்கத்தின் வரலாறு

முகப்பு விளக்கு என்பது ஊர்தியின் முன்புறத்தில் அமைந்து, இரவில் முன்னுள்ள சாலையைக் காட்டும் விளக்கு. பேச்சு வழக்கில் இது ஹெட்லைட் எனப்படுகிறது. அதன் உள்ளே எரியும் பல்பு, கார் உரிமையாளர் மெக்கானிக்கின் துணையின்றித் தம் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய மிகச் சில பாகங்களுள் ஒன்று. இந்த வசதி தானாக அமைந்தது அன்று. விளக்கின் எந்தப் பகுதி எல்லாக் கார்களுக்கும் பொதுவான அளவில் இருக்க வேண்டும் என்பதில் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இரு வேறு முடிவுகளை எடுத்தன. இன்று சிறுகாரின் பானெட்டைத் திறந்து ஒருவர் பல்பை மாற்றும்போது, அந்த முடிவுகளில் ஒன்றின் பயனை அனுபவிக்கிறார்.

கார்பைடு கல் காலம்

முதல் கார்களில் எண்ணெய் விளக்குகளும் அசிட்டிலீன் வாயு விளக்குகளும் இருந்தன. அசிட்டிலீன் விளக்கின் மேல்தொட்டியில் நீரும் கீழ்அறையில் கால்சியம் கார்பைடு கல்லும் இருக்கும். மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ள அதே கல்தான் இது. நீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மீது விழ, அசிட்டிலீன் வாயு உண்டாகும். அதைத் தீக்குச்சியால் பற்றவைத்தால் வெண்மையான, காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாத சுடர் கிடைக்கும். பயணம் முடிந்ததும் அடியில் தங்கிய சுண்ணாம்புச் சேற்றை வழித்தெடுத்து, புதிய கல் நிரப்பி, பிரதிபலிப்பானைத் துடைத்து வைக்க வேண்டும். ஆக, விளக்கைப் பராமரிப்பது காரோட்டியின் அன்றாட வேலையாகவே இருந்தது. 1904இல் தொடங்கிய அமெரிக்காவின் பிரஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் அசிட்டிலீனை உருளைகளில் அடைத்து விற்றதால் கல் நிரப்பும் வேலை குறைந்தது.

மின்விளக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1898இல் கொலம்பியா மின்காரில் விருப்பத் தேர்வாக மின்சார முகப்பு விளக்கு கிடைத்தது. ஆனால் அக்கால இழைகள் சாலையின் குலுக்கலைத் தாங்கவில்லை. பெட்ரோல் கார்களில் மின்சாரம் உண்டாக்கப் போதிய ஏற்பாடும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நீங்கின. 1910 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுக்கும் முறையை உருவாக்கினார். 1912இல் காடிலாக் கார்கள் மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரையும் விளக்குகளையும் ஒரே அமைப்பாகக் கொண்டு வெளிவந்தன.

குவியத்தின் சிக்கல்

மின்பல்பை மாற்றுவது தீக்குச்சி கிழிப்பதைவிட எளிது என்று தோன்றும். உண்மையில் அது வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பள்ளிப் பாடத்தில் படித்த பரவளைய ஆடியை இங்கே நினைவுகூரலாம்: ஒளிமூலம் சரியாகக் குவியத்தில் இருந்தால்தான் கதிர்கள் இணையாக வெளிவரும். இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளிக்கற்றை கலைந்துவிடும். தொடக்ககாலப் பல்புகளில் இழை இருக்கும் இடம் பல்புக்குப் பல்பு மாறியது. எனவே புதிய பல்பைப் போட்டபின், சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, திருகை முன்னும் பின்னும் திருப்பிக் குவியத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பலர் அதைச் செய்யவில்லை. அதன் விளைவை அனுபவித்தவர்கள் எதிரே வந்தவர்கள்.

எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்க ஒளியைத் தாழ்த்தும் தேவையும் இருந்தது. 1920களின் நடுவில் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் பைலக்ஸ் என்ற பல்பை வெளியிட்டது. அதில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. இன்று 'ஹை பீம்', 'லோ பீம்', 'டிம் அடிப்பது' என்று சொல்வதெல்லாம் இந்த இரட்டை இழையைச் சார்ந்தவை. பின்னர், உலோக விளிம்பு கொண்ட அடிப்பகுதி வந்தது. தொழிற்சாலையிலேயே இழையை விளிம்பிலிருந்து குறித்த தொலைவில் அமைத்துவிட்டதால், விளிம்பு விளக்கில் சரியாக அமர்ந்தாலே இழை குவியத்தில் இருக்கும். திருகைத் திருப்பும் வேலை போயிற்று. வீட்டில் பல்பு மாற்றுவதைச் சாத்தியமாக்கிய உண்மையான கண்டுபிடிப்பு இந்தச் சிறிய தகட்டு விளிம்புதான். வரலாற்று நூல்களில் இதற்குக் கிடைக்கும் இடமோ மிகக் குறைவு.

முழு விளக்கையும் பொதுவாக்கிய அமெரிக்கா

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. பல்பைக் கழற்றி மாட்டும் விளக்குகளில் இடுக்கு வழியே ஈரமும் தூசியும் நுழைந்தன. பிரதிபலிப்பானின் வெள்ளிப்பூச்சு மங்கியது. புதிய பல்பு போட்டாலும் விளக்கு பிரகாசிக்கவில்லை. இதற்குத் தீர்வாக வந்தது சீல்டு பீம். இழை, பிரதிபலிப்பான், முன்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றாக அடைக்கப்பட்ட, 7 அங்குல விட்டமுள்ள வட்ட விளக்கு இது. 1940ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்கள் இந்த ஒரே அளவு விளக்கோடு வந்தன. இழை அறுந்தால் முழு விளக்கையும் எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். இது வீண்செலவு போலத் தோன்றினாலும், பழுதடைந்த பிரதிபலிப்பானும் கூடவே போய்விடுவதால் ஒவ்வொரு முறையும் புத்தம்புது ஒளி கிடைத்தது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் ஒரே விளக்குப் பொருந்தியதால், எந்த ஊரிலும் மலிவாகக் கிடைத்தது. வளையத்தின் திருகுகளைத் தளர்த்தி, பின்புற இணைப்பியை உருவி, புதியதை மாட்டினால் வேலை முடிந்தது.

இதற்குக் கொடுத்த விலை, காரின் முகம். 1957இல் நான்கு சிறிய வட்ட விளக்குகளும் 1970களின் நடுவில் செவ்வக விளக்குகளும் அனுமதிக்கப்பட்டன; அதற்கு மேல் வடிவமைப்பாளர்களுக்குச் சுதந்திரம் இல்லை. எரிபொருள் விலை ஏறிய காலத்தில், காற்றைக் கிழித்துச் செல்லும் சாய்வான முகப்பு தேவைப்பட்டது. போர்டு நிறுவனம் முறையிட்டதைத் தொடர்ந்து, 1983இல் மாற்றத்தகு பல்பு கொண்ட விளக்குகளுக்கு அமெரிக்க விதிகள் இடமளித்தன. 1984ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் 7 அவ்வாறு வந்த முதல் அமெரிக்கக் கார். அதோடு கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் முகப்பும் வந்தது. வெயிலில் சில ஆண்டுகளில் அது மஞ்சள் பூத்துவிடும். பல்பை மாற்றலாம், மங்கிய முகப்பைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும், அல்லது முழு விளக்கையும் வாங்க வேண்டும். சீல்டு பீம் காலத்தில் இப்படி ஒரு தொல்லை இருந்ததில்லை.

பல்பை மட்டும் பொதுவாக்கிய ஐரோப்பா

ஐரோப்பாவில் விளக்கின் வெளிவடிவத்தைக் கார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, பல்பின் அளவை மட்டும் பொதுவாக்கினார்கள். பிரான்சு நாட்டில் 1936இல் மஞ்சள் முகப்பொளி கட்டாயமாக்கப்பட்டு 1993 வரை நீடித்தது. மஞ்சள் கண்ணாடிப் பல்பை மாட்டியே பலர் இவ்விதியை நிறைவேற்றினர். பல்பு தனிப்பாகமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

ஹாலஜன் விளக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1950களில் உருவானது. ஆனால் காரின் முகப்புக்கு முதலில் வந்தது ஐரோப்பாவில். சாதாரணப் பல்பில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் கரியாகப் படியும். ஹாலஜன் பல்பில் உள்ள அயோடின் அல்லது புரோமின், அந்த டங்ஸ்டனோடு சேர்ந்து அதை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. இது நிகழ, பல்பின் சுவர் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஆகவே கண்ணாடி சிறியதாக, இழைக்கு மிக அருகில், வெப்பம் தாங்கும் குவார்ட்ஸ் போன்ற பொருளால் செய்யப்படுகிறது. 1962இல் ஓரிழை கொண்ட எச்1 பல்பும், 1971இல் ஈரிழை கொண்ட எச்4 பல்பும் வந்தன.

எச்4 பல்பு 12 வோல்ட்டில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட் கொண்டது. லோ பீம் இழையின் அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு உலோகத் தடுப்பு இருக்கிறது. இதனால் ஒளி, பிரதிபலிப்பானின் மேல்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்புகிறது. பல்பின் அடிவட்டில் மூன்று காதுகள் உள்ளன. அவை ஒரே நிலையில் மட்டுமே பொருந்தும்படி அமைந்துள்ளன. காதுகள் பள்ளத்தில் அமராமல் பல்பு சற்றே திரும்பியிருந்தால், தடுப்பும் திரும்பி, மறைக்க வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இந்தியச் சிறுகார்களில்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் இருந்தவை வட்ட விளக்குகள். முகப்புக் கண்ணாடியில் கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அந்தக் காலம் முதல் உண்டு. பின்னர் வந்த ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ முதலிய சிறுகார்கள் பலவற்றில் எச்4 பல்பே பயன்பட்டது. கார் நிறுவனம் வேறானாலும் பல்பு ஒன்றே என்பதால், சிற்றூர் உதிரிபாகக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இவ்வகைக் கார்களில் மாற்றும் முறை எளியது. இஞ்சினையும் விளக்கையும் அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, விளக்கின் பின்னுள்ள மூன்று முனை இணைப்பியை நேராக உருவ வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு தூசி புகாமல் காக்கும் ரப்பர் மூடியைக் கழற்றினால், பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கி தெரியும். கொக்கியை உள்நோக்கி அழுத்தி விடுவித்தால் பல்பு வெளியே வரும். புதிய பல்பை உலோக அடிப்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் பட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் கண்ணாடியில் ஒட்டி, எரியும் சூட்டில் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். பல்பு விரைவில் வெடிக்கலாம். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த சுத்தமான துணியால் துடைத்து, உலர்ந்தபின் மாட்டலாம். மூன்று காதுகளும் அமர்ந்ததை உறுதிசெய்து, கொக்கி, ரப்பர் மூடி, இணைப்பி என்ற வரிசையில் பொருத்த வேண்டும். ரப்பர் மூடியைச் சரியாக மாட்டாவிட்டால் அடுத்த மழையில் விளக்கினுள் நீர் கோக்கும். கடைசியாகச் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி லோ பீம் போட்டுப் பார்ப்பது நல்லது. இடப்புறமாக ஓட்டும் நம் நாட்டில், ஒளியின் மேல்விளிம்பு கிடையாக ஓடி இடப்பக்கம் மேலேற வேண்டும்.

ஒருபக்கப் பல்பு போனால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரம் அன்று. இரண்டும் ஒரே அளவு நேரம் எரிந்தவை. மற்றதும் விரைவில் போகும். அடிக்கடி பல்பு போனால் பல்பைக் குறைகூறுவதற்கு முன் மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

இந்த எளிமையே ஒரு தவறான பழக்கத்துக்கும் வழிவிட்டது. அதே எச்4 அடிப்பகுதியோடு 100/90 வாட் பல்புகள் விற்கப்படுகின்றன. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கிறது. 100 வாட் பல்போ 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதற்கென அமைக்கப்படாத ஒயரும் இணைப்பியும் சூடேறி உருகுகின்றன. எதிரே இருசக்கர வண்டியில் வருபவருக்குச் சில நொடிகள் சாலையே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய தீங்கு.

எல்.இ.டி. வந்தபின்

1991இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார்களில் செனான் விளக்கு வந்தபோதே நிலை மாறத் தொடங்கியது. அதை ஏற்றத் தேவையான மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவிலானது; வீட்டில் கைவைக்கக் கூடியதன்று. ஹாலஜன் கார்களிலும், இஞ்சின் அறை நெருக்கடியானதால் சிலவற்றில் பேட்டரியையோ முன்பம்பரையோ கழற்றினால்தான் பல்பைத் தொட முடிந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 48ஆம் எண் விதி இதைக் கவனத்தில் கொண்டது. காரோடு தரப்படும் கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி இன்றிப் பல்பை மாற்றும்படி விளக்கு அமைய வேண்டும், மாற்றும் முறையையும் காரோடு எழுதித் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் செனானுக்கும், மாற்ற இயலாத ஒளிமூலம் கொண்ட விளக்குகளுக்கும் அதே விதியில் விலக்கு உண்டு.

பெரும்பாலான எல்.இ.டி. முகப்பு விளக்குகள் அந்த விலக்கினுள் அடங்குகின்றன. 2007 வாக்கில் லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரின் லோ பீமில் தொடங்கிய இவை, இன்று சிறுகார்களின் உயர்விலை மாதிரிகளிலும் உள்ளன. குறைந்த மின்சாரத்தில் நல்ல ஒளி தருகின்றன. பெரும்பாலும் காரின் ஆயுள்வரை எரிகின்றன. பழுதானால் சில நூறு ரூபாய்ப் பல்பின் இடத்தில் பல்லாயிரம் ரூபாய் விளக்குத் தொகுதியை வாங்க நேர்கிறது. முழு விளக்கையும் எறிந்த பழைய அமெரிக்க முறை போன்றதுதான் இது. ஆனால் ஒரு காரின் விளக்கு இன்னொரு காருக்குப் பொருந்தாது என்பதால் அந்த முறையின் மலிவு இதில் இல்லை.

ஹாலஜன் விளக்கினுள் எல்.இ.டி. பல்பை மாட்டுவோரும் உள்ளனர். ஒளிரும் சில்லுகள் இழை இருந்த இடத்தில், அதே அளவில் அமையாவிட்டால், குவியத்தின் பழைய சிக்கலே திரும்பி வரும். ஜெர்மனி 2020இல் இவ்வகைப் பல்பு ஒன்றுக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி அளித்தது. அந்த அனுமதி எல்லாக் கார்களுக்கும் பொதுவானதன்று. சோதித்துப் பட்டியலிடப்பட்ட கார் மாதிரிகளுக்கு மட்டுமே செல்லும்.