குடிநோய் மீட்சிப் பேணல்

குடிநோய் மீட்சிப் பேணல் என்பது, மதுப்பழக்கத்தைக் கைவிடுவதற்கான மருத்துவமும் அறிவுரைப் பயிற்சியும் முடிவடைந்த பின்னர், அவற்றால் விளைந்த மாற்றத்தை அன்றாட வாழ்வில் நிலைநிறுத்தும் முயற்சிகளைக் குறிக்கும். குடியை நிறுத்துவதும், நிறுத்திய நிலையிலேயே வாழ்வதும் வெவ்வேறானவை. முன்னது சில வாரங்களில் இயலக்கூடியது. பின்னதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்படுகின்றன.

பின்னணி

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்துள்ள எக்கியார்குப்பம் ஒரு மீனவர் குடியிருப்பு ஆகும். 2023 மே மாதத்தில் இங்கு மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியவர்கள் பலர் உயிரிழந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நேர்ந்த இறப்புகளையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து, உயிரையும் பறிக்கவல்லது. எனினும் ஓரூரில் நேர்ந்த இறப்புகள் மற்றோர் ஊரில் குடியை நிறுத்திவிடவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் இதே காரணத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சம் மட்டும் பழக்கத்தை மாற்றப் போதுமானதன்று என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, மதுவுக்கு அடிமையானோரில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். அவ்வாறு சிகிச்சை பெற்றவரும் பழைய சூழலுக்கே திரும்ப வேண்டியுள்ளது.

சறுக்கலும் மறுவீழ்ச்சியும்

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கார்டனுடன் இணைந்து 1985-இல் வெளியிட்ட நூலில் சறுக்கலையும் மறுவீழ்ச்சியையும் வேறுபடுத்திக் காட்டினார். ஒருமுறை குடித்துவிடுவது சறுக்கல். பழைய நிலைக்கே முழுமையாகத் திரும்புவது மறுவீழ்ச்சி. "இனி எல்லாம் போயிற்று" என்னும் குற்றவுணர்வே பெரும்பாலும் சறுக்கலை மறுவீழ்ச்சியாக மாற்றுகின்றது. ஆகவே சறுக்கிய மறுநாளே உதவி நாடுவது மீட்சியின் ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது.

மனச்சோர்வு, குடும்பப் பூசல், நண்பர்களின் வற்புறுத்தல் ஆகியன முதன்மையான இடர்ச் சூழல்களாகும். மீன்பிடி, உப்பளத் தொழில்களை நம்பிய கடற்கரை ஊர்களில் உடல்வலி, கூலி கைக்கு வரும் மாலைப்பொழுது, மழைக்காலத்தில் உப்பளவேலை நின்றுபோகும் மாதங்கள் போன்றனவும் இடர்ச் சூழல்கள் ஆகலாம்.

பேணும் வழிமுறைகள்

* முன்திட்டம்: "கூலி வாங்கியதும் நேரே வீட்டிற்குச் சென்று பணத்தைக் கொடுத்துவிடுவேன்" என்பதுபோல, இடர்ச் சூழலையும் அதற்குரிய செயலையும் முன்கூட்டியே இணைத்துக்கொள்ளல்.
* மாற்றுப் பழக்கம்: குடித்த நேரத்தை வேறொரு செயலால் நிரப்புதல். இலண்டனில் உணவு, உடற்பயிற்சி தொடர்பான எளிய பழக்கங்கள் குறித்து நடந்து, 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் இயல்பாக மாற 18 முதல் 254 நாட்கள் வரை தேவைப்பட்டன. ஒருநாள் தவறியது பெரிய தடையாகவில்லை.
* குழுத் துணை: 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில், குடியை நிறுத்தியவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கின்றனர். இக்கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன.
* தொடர் மருத்துவம்: நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் மருத்துவரின் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயாளருடன் அவர்தம் குடும்பத்தினருக்கும் பயிற்சி அளித்து வருகின்றது. இது திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊர் மக்களின் துணையுடன் சிகிச்சை முகாம்களை நடத்தியது. அந்த அனுபவம் 1994-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மீண்டவர் வாழப்போகும் ஊரே சிகிச்சையில் பங்கேற்பதால், முகாம் முடிந்த பின்னரும் அவருக்குத் துணை கிடைப்பது இம்முறையின் சிறப்பு.

எச்சரிக்கை

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் முதலியன ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே மருத்துவ மேற்பார்வை இன்றியமையாதது. 14446 என்பது நடுவண் அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணாகும்.