சாற்றுகவியும் குட்டும்

கவி பாடுவது உயிருக்கு ஆபத்தான தொழில் என்றே நம் பழங்கதைகளைக் கேட்பவர் எண்ணக்கூடும். பிழைபடப் பாடியவன் தலையில் பிள்ளைப்பாண்டியன் குட்டுவானாம். தோற்றவரின் காதை வில்லிபுத்தூரார் அறுப்பாராம். ஒட்டக்கூத்தரோ இரண்டிரண்டு பேரின் குடுமிகளைச் சேர்த்து முடிந்து தலையையே வெட்டுவாராம். இம்மூவரும் இல்லாமற்போனதால்தான் கண்டவரெல்லாம் புலவரென்று ஊர்சுற்றுகிறார்கள் என்று ஒரு தனிப்பாடல் அங்கலாய்க்கிறது. இவை வரலாறு அல்ல. ஆயினும் இவற்றைச் சுவைத்துச் சுவைத்துச் சொல்லிவந்திருக்கிறோம் என்பது வரலாறுதான். முதற்கவிதையோடு வந்து நிற்பவனைக் கண்டால் நம் கை குட்டுவதற்கு ஓங்குவது புதிய பழக்கம் அன்று.

இதற்கு நேர்மாறாக வேறொரு கதையும் உண்டு. தொல்காப்பியர் தம் நூலைக் கேட்டருளுமாறு அதங்கோட்டாசானைப் பலமுறை வேண்டுகிறார். அகத்தியரோ, அதைக் கேட்க வேண்டாம் என்று அவரைத் தடுக்கிறார். இருவர் மனமும் நோகாதிருக்க ஆசான் ஒரு வழி கண்டார்: நூலைக் கேட்பது, ஆனால் குற்றம் கூறிக்கொண்டே கேட்பது. தொடுத்த வினாவுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிட, நூல் அரங்கேறியது. நச்சினார்க்கினியர் உரையில் வரும் செய்தி இது. குற்றம் கூறத் தீர்மானித்து உட்கார்ந்தவர்தான். ஆனால் முழுவதையும் கேட்டார். ஒரு நூலுக்குக் கிடைக்கக்கூடிய மரியாதைகளில் இது சிறியதன்று என்று நாம் கருதுகிறோம்.

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இந்த எட்டில் புகழ்ச்சி என்று தனியாக ஒன்று இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பாயிரம் பிறரிடம் போயிற்று. ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதைச் செய்யத் தக்கவர். நூலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அவர்கள்.

அச்சு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பாயிரம் சாற்றுகவிகளின் ஊர்வலமாகப் பெருத்துவிட்டது. அக்காலத்து நூல்கள் பலவற்றில் முதற்செய்யுளை எட்டுவதற்குள் பல பக்கங்களைக் கடக்க வேண்டியிருக்கும். வித்துவான்கள் வரிசையாக வந்து நூலை அமுதென்றும் ஆசிரியரைக் கடலென்றும் பாடிச் செல்வார்கள். நூலின் பெயரை மாற்றி வேறொன்றுக்கு ஒட்டவைத்தாலும் அவற்றில் பல கச்சிதமாகப் பொருந்தும்.

அந்த ஊர்வலத்தில் அடிக்கடி தென்படும் பெயர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடையது (1815–1876). கேட்டவர்க்கெல்லாம் பாடிக் கொடுத்தவர் என்று எளிதாகக் குறை சொல்லிவிடலாம். ஆனால் உ.வே.சாமிநாதையர் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட பிள்ளையவர்கள் சரித்திரத்தைப் படிப்பவர்க்கு வேறொரு மனிதர் தெரிகிறார். பிறர் நூலை இகழ்வதில் இன்பம் காணாதவர். சமய எல்லையைப் பாராட்டுக்கு வேலியாக்காதவர். சைவ மடத்துப் பெரும்புலவரான அவர், கிறித்தவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நண்பர். அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்தூர்க்கோவை’யே பாடினார்.

பிள்ளையின் உண்மையான சாற்றுகவி அச்சான பாயிரங்களில் இல்லை, பாடம் சொன்ன திண்ணைகளில் இருக்கிறது. 1871-இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த சாமிநாதையருக்கு வயது பதினாறு. கவி பாடவும் ஆசை கொண்டு வந்த பிள்ளை. ஆசிரியரின் ஒரு தலையசைப்புக்காக அவர் எவ்வளவு காத்திருந்தார், அது கிடைத்தபோது எவ்வளவு பூரித்தார் என்பதை ‘என் சரித்திர’த்தில் எழுபதாண்டுகள் கழித்தும் நேற்று நடந்ததுபோல் எழுதுகிறார்.

நமக்கு வியப்பளிப்பது இதன் விளைவு. பிள்ளை எழுதிக் குவித்த தலபுராணங்களை இன்று படிப்பவர் மிகச் சிலர். அவர் தட்டிக்கொடுத்து வளர்த்த மாணவரோ பெருங்கவிஞர் ஆகவில்லை; 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் புறநானூறும் தொடர்ந்தன. கவிதைக்காகக் கொடுக்கப்பட்ட ஊக்கம் ஏட்டுச்சுவடியில் போய்ப் பலித்தது. அன்றே அந்தச் சிறுவனிடம் ‘உனக்குக் கவி வராது’ என்று உண்மை பேசியிருந்தால் தமிழுக்கு என்ன நட்டம் நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் யாப்பும் திண்ணையும் தளர்ந்தபின் இந்தப் பணி சிற்றிதழின் தலையில் விழுந்தது. 1959 சனவரியில் சி.சு.செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டுத் தொடங்கிய இதழ் அது. (அந்த எல்லையைத் தாண்டும் நெருக்கடி அவருக்கு ஒருபோதும் நேரவில்லை!) முதல் இதழில் ந.பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரண’னை மறுபிரசுரம் செய்தார். பிச்சமூர்த்தி அப்போது அறுபதை நெருங்கியவர். கவிதை எழுதுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய கவிதை ஒன்றை எடுத்து, இது படிக்கத் தக்கது என்று மறுபடியும் முன்வைத்தது மட்டுமே செல்லப்பா செய்தது. கிழவர் மீண்டும் எழுத வந்தார். மார்ச் இதழில் பசுவய்யா என்னும் பெயரில் சுந்தர ராமசாமியின் ‘உன் கை நகம்’ வந்தது. அடுத்த ஆண்டு திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இளைஞரின் கவிதைகள் வரத் தொடங்கின. பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது இருபது.

இது வசன வெட்டு, சோம்பேறிகளின் கவிதை என்ற ஏளனம் வெளியே பலமாக ஒலித்தது. செல்லப்பா அதற்குப் பதிலாகப் புகழ்மாலை கட்டவில்லை. எழுதியவரின் பக்கத்திலேயே இன்னொருவரை உட்காரவைத்து, வரிவரியாக வாசித்து வாதிடச் செய்தார். கவிதை அனுப்பிய சிவராமுவே அங்கே கட்டுரையும் எழுதினார். அதங்கோட்டாசானுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கும்.

1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு 24 பேரின் 63 கவிதைகளோடு வெளிவந்தது. அதற்குச் செல்லப்பா எழுதிய நீண்ட முன்னுரைக்கு ‘நுழைவாசல்’ என்று பெயர். அந்த 24 பேரில் சிலர் பெரும்பெயர் பெற்றார்கள். சிலர் பெயரைக் கேட்டால் இன்றைய வாசகர் விழிப்பார். எவர் பெயர் நிலைக்கும், எவர் பெயர் மறையும் என்பது 1962-இல் செல்லப்பாவுக்கும் தெரியாது. விற்காமல் தங்கிய படிகளை மூட்டையாகச் சுமந்துகொண்டு அவர் கல்லூரி கல்லூரியாகப் போனபோது, அந்த 24 பேரும் ஒரே மூட்டையில்தான் இருந்தார்கள்.