தவளை இதயமும் பொட்டாசிய மதகும்

நம் வயதுக்காரர்களுக்குப் பொட்டாசியம் என்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியத்துக்குப் பக்கத்தில் வருகிற ஓர் எண். 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால் டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அது ரத்தத்தில் ஓடுகிற பொட்டாசியத்தின் கணக்கு மட்டும்தான். பெரும்பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே அதே அளவையில் அளந்தால் 140 பக்கம் வரும். கிட்டத்தட்ட முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் இதயமும் துடிக்காது, நரம்பும் வேலை செய்யாது.

செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில், பொட்டாசியம் மட்டும் போகக்கூடிய நுண்ணிய வழிகள் உண்டு. நூல்களில் அயனி வாய்க்கால் என்று எழுதுகிறார்கள். திறப்பதும் மூடுவதும் அதன் வேலை என்பதால் மதகு என்ற நம் ஏரிக்கரைச் சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. மதகு திறந்தால் பொட்டாசியம் வெளியே வழியும். அது நேர் மின்னூட்டம் உள்ளது; அது வெளியே போகப்போக உள்ளே எதிர் மின்னூட்டம் கூடி, செல் அடங்கிவிடும். மதகை மூடினால் செல் சட்டென்று கிளர்ந்தெழும். இந்த மதகுக்கு உத்தரவு போடுவது யார்? இதைத் தெரிந்துகொள்ள மனிதர்களுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்குப் போகும் நரம்புக்கு வேகஸ் என்று பெயர். பெயரில் வேகம் இருந்தாலும் அதன் வேலை இதயத்தின் வேகத்தைக் குறைப்பது! பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் இதை ‘ப்னோமோகாஸ்த்ரீக்’ என்பார்கள், நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகிற நரம்பு என்ற பொருளில். நான் படித்தது அந்தப் பெயரில்தான். வேகஸும் அதுவும் ஒன்றே என்று புரிந்துகொள்ள வெகுநாள் பிடித்தது. இந்த நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுபோகும் என்று 1845-லேயே ஜெர்மானியரான வேபர் சகோதரர்கள் காட்டிவிட்டார்கள். எப்படி நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. 1908-இல் அமெரிக்காவில் ஹோவெல், ட்யூக் என்ற இருவர், வேகஸைத் தூண்டும்போது இதயத்திலிருந்து பொட்டாசியம் அதிகமாக வெளிவருவதை அளந்தார்கள். பொட்டாசியம்தான் நரம்பு அனுப்பும் தூது என்று ஹோவெல் நினைத்தார். பொட்டாசியத்துக்கு இதில் சம்பந்தம் உண்டு என்பது சரி. தூது என்பது மட்டும் சரியில்லை.

தூதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ லோவி. அவரே பின்னாளில் எழுதிய கதை இது. ஈஸ்டருக்கு முந்தைய இரவு தூக்கத்தில் ஒரு யோசனை வந்தது. எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. (தலையெழுத்தைவிடக் கையெழுத்து பெரிய கஷ்டம் என்பது பழைய ஃபைல் புரட்டியவர்களுக்குத் தெரியும்.) நல்லவேளை, மறுநாள் இரவு 3 மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்தத் தடவை எழுதிவைக்கவில்லை, நேரே ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார்.

சோதனை எளிமையானது. இரண்டு தவளை இதயங்கள், இரண்டிலும் உப்புநீர். முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அதிலிருந்த உப்புநீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமானது. ஆக, நரம்பு மின்சாரத்தால் மட்டும் இதயத்தை அடக்கவில்லை. ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அடக்குகிறது. 1921-இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1926-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒரே இதயத்தில் 18 தடவை செய்துகாட்ட வேண்டியிருந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று உறுதியாவதற்கு லண்டனில் ஹென்றி டேல் செய்த வேலைகள் உதவின. 1936-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

இரண்டே வருஷம். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், யூதரான லோவியை இரவோடிரவாகப் பிடித்து அடைத்தார்கள். மகன்களில் இருவரையும் பிடித்தார்கள். அப்போது அவருக்கு 64 வயது. தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தவர், சிறையில் ஒரு தபால் அட்டை கேட்டு வாங்கி, கடைசியாகச் செய்த ஆராய்ச்சியின் முடிவை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாராம். உயிரைவிட அது தொலைந்துபோகக் கூடாது என்ற கவலை. ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பணத்தை நாஜிகள் சொன்ன வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். 1940-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, 1961 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

அதே 1938 டிசம்பரில் வியன்னாவிலிருந்து யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு ஏற்றிச்சென்ற ரயிலில் 14 வயதுப் பையன் ஒருவன் போனான். பெயர் ஓட்டோ ஹுட்டர். அந்தப் பையன்தான் வளர்ந்து, 1950-களின் நடுவில், லோவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். டிராட்வைன் என்பவரோடு சேர்ந்து இதயச் செல்லுக்குள் மெல்லிய மின்முனையைச் செருகி, வேகஸைத் தூண்டும்போது உள்ளே எதிர் மின்னூட்டம் கூடுவதைப் பார்த்தார். பிறகு ஹாரிஸ் என்பவரோடு, கதிரியக்கப் பொட்டாசியத்தை வைத்து, அசிட்டைல்கோலின் பட்டதும் பொட்டாசியம் செல்லைத் தாண்டிப் போவது அதிகமாகிறது என்று காட்டினார். ஹோவெல் 1908-இல் பார்த்த பொட்டாசியத்துக்கு இப்படித்தான் விளக்கம் கிடைத்தது. தூது அசிட்டைல்கோலின், திறந்தது பொட்டாசிய மதகு.

இதற்கு நடுவில் இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் ஏற்பி. செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்து தூதை வாங்கிக்கொள்கிற புரதம். இப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-லேயே ஊகித்தார். அசிட்டைல்கோலினுக்கு இரண்டு வகை ஏற்பிகள்: புகையிலையின் நிகோட்டினுக்கு மசிவது ஒன்று, மஸ்கரின் என்ற காளான் விஷத்துக்கு மசிவது இன்னொன்று. இதயத்தில் இருப்பது மஸ்கரின் வகை. நம் வேலியோரத்து ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையும் செய்யாது, இடமும் விடாது. அதனால்தான் ஊமத்தை தின்றவனுக்கு நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கண்மணி விரிகிறது. கண் டாக்டர் கண்மணியை விரிக்க விடுகிற சொட்டு மருந்தும் இதே குலம்தான்.

இப்போதுதான் கதையில் திருப்பம். 1980-இல் டேவிட் பிரவுனும் பால் ஆடம்ஸும் பெருந்தவளையின் நரம்பு முடிச்சில் ஒரு புதிய பொட்டாசிய மதகைக் கண்டார்கள். எப்போதும் கொஞ்சம் திறந்திருந்து, நரம்பு வீணாகத் துடிக்காமல் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது அது. அங்கேயும் தூது அசிட்டைல்கோலின். ஏற்பியும் மஸ்கரின் வகை. ஆனால் உத்தரவு வந்ததும் மதகு திறக்கவில்லை, மூடிக்கொண்டது! நரம்பு அடங்குவதற்குப் பதில் விழித்துக்கொண்டது. மஸ்கரினை வைத்து அதற்கு எம் மின்னோட்டம் என்று பெயரிட்டார்கள்.

ஒரே சுற்றறிக்கை ஓர் அலுவலகத்தில் விடுமுறையாகவும் இன்னோர் அலுவலகத்தில் ஓவர்டைமாகவும் போய் முடிவது எங்களுக்குப் புதிதில்லை. எந்த செக்‌ஷன் வழியாகப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல்லிலும் அப்படித்தான். மஸ்கரின் வகை என்று ஒன்றாகச் சொன்னாலும் அதில் உட்பிரிவுகள் உண்டு. ஏற்பி என்பது மனு வாங்குகிற ஜன்னல். மதகு வரை காகிதத்தைக் கொண்டுபோக உள்ளே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஜி-புரதம் என்று பெயர். இதயத்தில் அவர்தான் என்பது 1985-இல் உறுதியாயிற்று. அதைக் காட்ட உதவியது, வேடிக்கை, கக்குவான் இருமல் கிருமியின் நஞ்சு. அந்த நஞ்சைக் கொடுத்தால் ஜி-புரதம் முடங்கிவிடுகிறது, மதகும் திறப்பதில்லை. தூது வந்ததும் ஜி-புரதம் இரண்டு துண்டாகிறது. எந்தத் துண்டு மதகைத் திறக்கிறது என்று 1987 முதல் இரண்டு கோஷ்டிகள் பல வருஷம் பத்திரிகைகளில் சண்டை போட்டன. கடைசியில் பீட்டா-காமா என்ற துண்டின் கட்சிதான் ஜெயித்தது. மூளை நரம்புகளிலும் இதே வகை மதகு உண்டு. மார்ஃபின் வலியை அடக்குவதில் ஒரு பங்கு, அதன் ஏற்பி இந்த மதகைத் திறந்துவிடுவதால்தான்.

பெருந்தவளை நரம்பின் விஷயம் தீர இன்னும் நாளாயிற்று. அங்கே வேறொரு ஜி-புரதம், சவ்விலேயே இருக்கிற பிப்-2 என்ற ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியை ஏவிவிடுகிறது. எம் மதகு திறந்து நிற்க அந்தக் கொழுப்பு வேண்டும். கொழுப்பு கரைந்தால் மதகு தானே சாத்திக்கொள்ளும். இதை 2002-இல் சியாட்டிலில் சுவும் பெர்ட்டில் ஹில்லேயும் காட்டினார்கள். 1985-இல் இதய மதகின் ஜி-புரதத்தைக் காட்டிய குழுவிலும் இதே ஹில்லே இருந்தார்.

இதற்குள் எம் மதகைக் கட்டும் மரபணுக்கள் இரண்டும் 1998-இல் தெரிந்துவிட்டன. தேடியவர்கள் மதகைத் தேடவில்லை. பிறந்த சில நாட்களில் குழந்தைகளுக்கு வலிப்பு வருகிற சில குடும்பங்களில் காரணம் தேடினார்கள். பிரேக் தேய்ந்த நரம்புகள்தான் காரணம். இந்த மதகைத் திறந்துவைக்கும் ரெடிகாபின் என்ற வலிப்பு மருந்து 2011-இல் விற்பனைக்கு வந்தது. தோலும் நகமும் நீலம் பாய்கிறது, விழித்திரையிலும் நிறம் மாறுகிறது என்று பிறகு தெரிந்தது. 2017-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நீலம் பாய்ச்சாமல் அதே மதகைத் திறக்கும் மருந்துகளைத் தேடும் வேலை அதன் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது.