நுண்கட்டக் காலநிலை மாதிரிகளும் சப்ரகமுவத் தோட்டங்களும்

நுண்கட்டக் காலநிலை மாதிரி என்பது உலகம் முழுவதையும் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் ஈரமும் வெப்பமும் எப்படி மாறும் என்று கணினியில் கணக்கிடும் முறை. பழைய மாதிரிகளும் அதே இயற்பியலைத்தான் நம்பின. மாறியது பெரும்பாலும் கட்டத்தின் அகலம். சப்ரகமுவவின் இரத்தினபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரத்தைக்கூட எட்டாது. சிவனொளிபாதமலை உச்சியோ 2,243 மீற்றர். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 20 கிலோமீற்றருக்கும் குறைவு. அதைவிட அகலமான கட்டத்தில் நகரமும் சிகரமும் ஒன்றாகிவிடும்.

வானிலையை எண்களால் முன்கூட்டிக் கணிக்கும் முயற்சியை லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1922இல் நூலாக வெளியிட்டார். 1956இல் நோர்மன் பிலிப்ஸ் வளிமண்டலச் சுழற்சியைக் கணினிக்குள் கொண்டுவந்தார். 1969இல் சுக்குரோ மனாபேயும் கிர்க் பிரையனும் அதோடு கடலை இணைத்தனர். ஆனால் 1990இல் ஐ.நா. காலநிலைக் குழுவின் முதல் அறிக்கை வந்தபோதுகூடக் கட்டங்களின் அகலம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். இலங்கையின் நீளமே சுமார் 435 கிலோமீற்றர்தான். முழுத் தீவும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் கணக்கில் சப்ரகமுவவின் கேகாலையைத் தேடிப் பயனில்லை. அதே குழுவின் 2007 அறிக்கையில் அகலம் 110 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கியது; அப்போதும் மத்திய மலைநாடு ஒரு தாழ்ந்த மேடுதான்.

இந்தக் குறை வெறும் படக்குறை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுவதால்தான் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் அவ்வளவு மழை. மாதிரியில் மலை தாழ்ந்தால் மழையும் இடம் மாறும். இரு பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமுகில்கள் சில கிலோமீற்றர் அகலமே இருக்கும். பெருங்கட்ட மாதிரி அவற்றை நேரடியாகக் காணாது. தோராயச் சூத்திரங்களால் ஈடுகட்டும்.

கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கீட்டு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதனால் வளர்ச்சி கணினியின் வேகத்தோடு ஒட்டியே நடந்தது. 2002இல் யொக்கோகாமாவில் இயங்கத் தொடங்கிய ‘பூமி உருவகப்படுத்தி’ மீகணினியில் ஜப்பானியரின் ‘நிக்காம்’ மாதிரி 3.5 கிலோமீற்றர் வரை இறங்கியது. ஆனால் 2005இல் வெளியான அந்தச் சோதனையின் உலகம் முழுவதும் நீரால் மூடியது. அதில் மலையே கிடையாது! 2008இல் இங்கிலாந்தின் ரெடிங்கில் நடந்த மாநாட்டில், காலநிலை அறிவியலாளர் ஜகதீஷ் சுக்லா உள்ளிட்டோர் நுண்கட்ட மாதிரிகளுக்கெனப் பெருங்கணினி வளம் வேண்டுமென வாதாடினர். அடுத்த பத்தாண்டில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 25 முதல் 50 கிலோமீற்றர் மாதிரிகளை ஒப்பிட்டன. ஐரோப்பாவில் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய ‘டெஸ்டினேஷன் ஏர்த்’ காலநிலை மாதிரி அமைப்பின் கட்டம் சுமார் 5 கிலோமீற்றர்.

சப்ரகமுவவின் இடர் வரலாறு இந்த மாதிரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. 1989 ஜூனில் கேகாலை மாவட்டத்திலும் 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலைச்சரிவொன்று கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்கள் மீதும் மண் இறங்கியது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மீண்டும் மூழ்கியது.

தோட்டத்துக்கு இடர் என்றால் மண்சரிவு மட்டுமல்ல. காலையில் மழை பிடித்துக்கொண்டால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டிய பாலும் மழைநீரோடு வழிந்துவிடும். ஆண்டு மொத்தம் இத்தனை மில்லிமீற்றர் என்ற கணிப்பு பால்வெட்டுபவருக்கு எதையும் சொல்வதில்லை. அவருக்கு வேண்டியது எத்தனை காலைகள், எந்நேரத்தில் என்பது. நுண்கட்ட மாதிரியின் உண்மையான பயன் இங்கேதான் என்று சொல்லலாம்: அது நாளுக்குள்ளான மழையின் நேரத்தையும் கடுமையையும் பெருங்கட்ட மாதிரியைவிட இயல்பாகக் காட்டுகிறது.

ஆயினும் 5 கிலோமீற்றர்க் கட்டம் என்பது 25 சதுரக் கிலோமீற்றர். அதற்குள் பல தோட்ட டிவிஷன்கள், ஓடைகள், லயங்களுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர்கள் எல்லாம் ஒரே சராசரி. எந்தச் சரிவு ஆபத்தானது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களே சொல்லும். எப்போது வெளியேறுவது என்பதற்கு அதன் அளவுகோல் இன்றும் மழைமானிதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு; 150 தாண்டினால் வெளியேற்றம்.