மறையுரையை வீட்டுக்குச் சுமந்தவர்கள்



ஜூபிலி மலர் என்றால் கோவில் கட்டிய ஆண்டு, மணி வாங்கிய ஆண்டு, வந்து உழைத்துச் சென்ற பங்குத் தந்தையரின் வரிசை ஆகியவை இடம் பெறுவது வழக்கம். அவை மறக்கத் தகாதவை. ஆயினும் செங்கல்லும் சுண்ணாம்பும் எழுப்புவது கட்டடம் மட்டுமே. பீடத்தில் கேட்ட வார்த்தையை வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டு போகும் மக்கள் இருந்தால்தான் அங்கே ஒரு பங்கு இருக்கிறது. அப்படிச் சுமந்து சென்றவர்களின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் அமைத்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியடித்துத் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். கற்றுக்கொண்ட பிள்ளைகள் வீட்டிலே தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். தாம் ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது அங்கே ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, செபம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். இவர்களுடைய சம்பளத்துக்காக, போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்றார். நம் உபதேசியார்களின் முன்னோர் இவர்களே.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட இச்சிறு நூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். வேத சத்தியத்தைச் சாதாரண மக்கள் கற்க வேண்டும் என்ற ஆவலே தமிழ் அச்சுக்கு முதற்காரணமாயிற்று என்றால் அது மிகையாகாது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ஞான உபதேசத்தைத் தமிழ் உரைநடையில் எழுதித் தந்தார். கோவில், குரு, பூசை என்று நம் மக்கள் நாவில் வழங்கும் சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் நிலைபெறச் செய்த பெருமை அவரைச் சேரும்.

அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரைத் தேம்பாவணி பாடிய புலவராக நாம் அறிவோம். அதே கையால் அவர் உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் எழுதினார். தலைப்பை உற்று நோக்குங்கள். பிறருக்குப் போதிக்கிறவனுக்கு ஒழுக்கமே முதல் தகுதி என்பது அதிலேயே விளங்கும். ஐயங்கார்குளத்துப் பக்கம் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், ஊர் வாரியத்துக்குக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படுபவர்களின் தகுதியை வரையறுத்தன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு அங்கே இடமில்லை. ஊர்க் கணக்குக்கே அவ்வளவு கண்டிப்பு என்றால், ஆன்மாக்களின் கணக்கைச் சுமப்பவன் எப்படி இருக்க வேண்டும்!

இந்த உபதேசியார்களின் அருமை சோதனைக் காலத்தில் வெளிப்பட்டது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. புதுச்சேரியை மையமாகக் கொண்ட கர்நாடக மிஷன் 1776-இல் பாரீஸ் வேதபோதக சபையின் பொறுப்புக்கு வந்தது. மதுரை மிஷனுக்கு இயேசு சபையார் மீண்டும் வந்தது 1838-இல்தான். இடைப்பட்ட காலத்தில் குருக்கள் மிகச் சிலரே, ஊர்களோ பல. பூசை காண்பதே அரிதாயிருந்த அந்நாட்களில் சாவுப் படுக்கையருகே செபம் சொன்னவர் யார்? ஆபத்தில் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் யார்? மாலை மங்கியதும் செபமாலைக்கு ஊரைக் கூட்டியவர் யார்? உபதேசியாரும், விளக்கேற்றி வைத்துப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும்தான்.

குருவல்லாத ஒருவரின் வாய்ச்சொல்லும் புனிதரை உருவாக்கும் என்பதற்குப் புனித தேவசகாயம் சாட்சி. துன்பத்தால் மனமுடைந்திருந்த அவருக்கு, திருவிதாங்கூர்ப் படையில் பணிபுரிந்த டச்சுத் தளபதி டிலனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். அது மனத்தில் வேரூன்றியது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராது எல்லாரோடும் பழகினார். 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே.

அதே வடக்கன்குளம் நமக்கு வேறொரு பாடத்தையும் சொல்கிறது. 1872-இல் அங்கே எழுந்த கோவில், இரு சாராரும் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தைக் காணும்படி இரு கிளைகளாகக் கட்டப்பட்டு, நடுவே சுவர் நின்றது. "உன்னைப்போல் பிறனையும் நேசி" என்ற மறையுரை சுவருக்கு இப்புறமும் கேட்டது, அப்புறமும் கேட்டது. சுவர் மட்டும் அசையவில்லை. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சென்றவர்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. எனினும் மனச்சுவர் இன்னும் முற்றிலும் விழவில்லை என்பதை அறிந்தே, இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. கல்லறையிலும் திருவிழாத் தேரிலும் பந்தியிலும் நம் ஊர்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே, கேட்ட மறையுரை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

பூசை இலத்தீனில் நடந்த காலத்திலும் பிரசங்கம் தமிழில்தான் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதியே என்றும், ஞாயிறு, கடன் திருநாட்களில் தக்க காரணமின்றி அதை விட்டுவிடலாகாது என்றும் கூறிற்று. அதன்பின் பூசை முழுவதும் நம் தாய்மொழிக்கு வந்தது. 2021 மே 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ், வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலையினர் திருப்பணியாகவே ஏற்படுத்தினார். கணக்கப்பிள்ளை காலம் முதல் ஓசையின்றி உழைத்தவர்களுக்கு 479 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மதிப்பு இது.

பங்கு மக்களே! இன்று நமக்குக் கோவில் அருகில் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, கைப்பேசியில் நூறு பிரசங்கம் கேட்கலாம். குறைந்துபோனது வீட்டுப் பேச்சே. ஞாயிறு இரவு சாப்பாட்டு வேளையில், "இன்று சாமியார் என்ன சொன்னார்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அந்த வாரத்தில் யாரோடு ஒப்புரவாக வேண்டும், யார் வீட்டுக் கடனைத் திருப்ப வேண்டும், நோயாய்க் கிடக்கும் யாரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நம் பங்கில் பணியாற்றிய உபதேசியார்களின் பெயர்களை வயதானவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். அவர்களுடைய கல்லறைகளைத் தேடிச் சென்று ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

அவர்கள் சுமந்து வந்த வார்த்தை நம் வீட்டோடு நின்றுவிடாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!