டெண்டி: நிண்டெண்டோ போகாத நாட்டில் ஒரு போலிப் பெட்டி

1990களில் ரஷ்யாவில் பிள்ளைகளாக இருந்த ஆக்களுக்கு வீடியோ கேம் எண்டால் ஒரு பேர்தான்: டெண்டி. தொப்பி போட்ட குட்டி யானை ஒண்டு அதன்ர சின்னம். ரீவியில் மாட்டி, கசெற்றைச் செருகி, மரியோவும் கொன்ட்ராவும் விளையாடின அந்தப் பெட்டியைச் செய்தது நிண்டெண்டோ இல்லை. செய்த ஆக்கள் நிண்டெண்டோவிடம் அனுமதி கேட்கவும் இல்லை. ஆனாலும் ரஷ்யாவில் வீடியோ கேமுக்கு முதன்முதலில் பெரிய சந்தை ஒன்றை உருவாக்கியது அந்தப் பெட்டிதான்.

இதைத் "திருட்டுச் சாமான் வித்த கதை" எண்டு ஒரு வரியில் முடிச்சிடலாம். எங்களால் அப்படி லேசாக முடிக்க ஏலாது. எங்கட கம்பஸ் வாழ்க்கையே போட்டோகொப்பிக் கடையிலயும் கிராக் பண்ணின சொஃப்ட்வெயரிலயும்தான் ஓடுது. உரிமை ஒருத்தரிடம் இருக்கு, தேவை இன்னொருத்தரிடம் இருக்கு, இடையில நேர்மையான கடை ஒண்டும் இல்லை எண்டால் என்ன நடக்கும்? டெண்டியின் வரலாறு அதற்கு நல்ல உதாரணம்.

பூட்டு இல்லாத இயந்திரம்

நிண்டெண்டோ தன் ஃபமிகொம் இயந்திரத்தை ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்டது. அதற்குள் இருந்தவை முக்கியமாக இரண்டு சிப்புகள். ஒன்று 6502 என்ற மலிவான புரொசெசரை அடிப்படையாகக் கொண்டு ரிக்கோ கொம்பனி செய்தது. மற்றது திரையில் படம் வரைகிற சிப். 1985இல் அமெரிக்காவுக்குப் போகும்போது இதே இயந்திரம் என்.ஈ.எஸ் என்று பேர் மாறியது, உருவமும் மாறியது. முக்கியமாக ஒரு பூட்டுச் சிப்பும் உள்ளே வந்தது. கசெற்றிலும் இயந்திரத்திலும் உள்ள சிப்புகள் ஒன்றையொன்று அடையாளம் காணாவிட்டால் கேம் ஓடாது.

ஆனால் ஜப்பான் ஃபமிகொமில் அந்தப் பூட்டு இல்லை. அதனாலதான் உலகம் முழுக்கப் பரவின போலிகள் பெரும்பாலும் அமெரிக்க என்.ஈ.எஸ்ஸின் 72 பின் கசெற்றை விட்டுட்டு, ஜப்பானின் 60 பின் கசெற்றைப் பிடிச்சுக்கொண்டன.

தாய்வானின் யூ.எம்.சி கொம்பனி இந்தச் சிப்புகளுக்கு மாற்றுச் சிப்புகளைச் செய்தது. டி.எக்ஸ்.சி என்ற இன்னொரு தாய்வான் கொம்பனி 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரில் முழு இயந்திரங்களையே செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. போலந்தில் அதன் பெயர் பெகாசஸ், ரஷ்யாவில் டெண்டி. எங்கட வீடுகளுக்கு "ரீவி கேம்" எண்டு வந்ததும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

கொப்பி எண்டால் மூளை இல்லாத வேலை எண்டு நினைக்கத் தேவையில்லை. ஜப்பான் ரீவி செக்கனுக்கு 60 தரம் படத்தைப் புதுப்பிக்கும். ஐரோப்பிய பால் முறையில் 50 தரம். ஜப்பான் கேமை அப்படியே ஐரோப்பிய இயந்திரத்தில் போட்டால் சிலதில் படம் குழம்பும், சிலது ஓடாது. நிண்டெண்டோவின் ஐரோப்பிய இயந்திரத்தில் புரொசெசருக்கும் படச் சிப்புக்கும் இடையிலான வேக விகிதமே மாறியிருந்தது. தாய்வான்காரர் ஜப்பான் இயந்திரத்தின் விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக வரும் வரிகளின் நேரத்தை மட்டும் சாதுரியமாகக் கடத்திவிட்டார்கள். இதனால் 50 ஹேர்ட்ஸ் ரீவியிலும் ஜப்பான் கேம்கள் பெரிய பிரச்சினை இல்லாமல் ஓடின. இந்த ஒரு விசயத்தில் போலி, ஒறிஜினலை முந்திவிட்டது.

1992 டிசெம்பர்

சோவியத் யூனியன் 1991 டிசெம்பரில் கலைந்தது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய அரசு பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஒரு வருடத்தில் விலைவாசி அண்ணளவாக 2,500 வீதம் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு சில மாதங்களில் ஒண்டுக்கும் உதவாமல் போச்சுது. அப்படியான வருடத்தின் கடைசி மாதத்தில்தான் டெண்டி விற்பனைக்கு வந்தது.

யோசனை விக்டர் சாவ்யுக் என்பவருடையது. காசு போட்டது மொஸ்கோவில் கொம்பியூட்டர் வியாபாரம் செய்த ஸ்டீப்ளர் கொம்பனி. இயந்திரம் தாய்வானில் இருந்து வந்தது. யானையை வரைந்தவர் இவான் மக்சிமொவ், ரஷ்யாவில் நன்கு அறியப்பட்ட அனிமேஷன் இயக்குநர். ஸ்டீப்ளர் ரீவியில் விளம்பரம் போட்டது, கடைகளைப் பிடித்தது, நாடு முழுக்க விற்பனை வலையைக் கட்டியது. இது ஒளிச்சு மறைச்சு நடந்த வியாபாரம் இல்லை.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? கொம்பியூட்டர் புரோகிராம்களைப் பாதுகாக்கும் ரஷ்யச் சட்டம் 1992 செப்டெம்பரில்தான் வந்தது. பதிப்புரிமைச் சட்டம் 1993 ஜூலையில். இலக்கிய, கலைப் படைப்புகளைப் பாதுகாக்கும் பேர்ன் உடன்படிக்கையில் ரஷ்யா சேர்ந்தது 1995 மார்ச்சில். எழுத்தில் சட்டம் பிறந்துகொண்டிருந்தது. அதைப் பிரயோகிக்க ஆட்களோ பழக்கமோ இல்லை. நிண்டெண்டோவும் அந்த நேரம் ரஷ்யாவை ஒரு சந்தையாக எண்ணிக் கடை திறக்கவில்லை. அங்க இருந்த பிள்ளைக்கு "ஒறிஜினல் வாங்கு" எண்டு சொல்ல, வாங்கிறதுக்கு ஒறிஜினல் ஒண்டு கடையில இருக்கவேணுமே.

இன்னொரு விசயம். நிண்டெண்டோவைக் கொப்பி அடிக்கிறதை ரஷ்யாவில் தொடக்கினது ஸ்டீப்ளர் இல்லை, சோவியத் அரசின் தொழிற்சாலைதான். 1981இல் நிண்டெண்டோ 'எக்' என்ற சின்னக் கையடக்க கேம் ஒன்றை வெளியிட்டது. கோழிக்கூட்டில் இருந்து உருண்டு வரும் முட்டைகளைப் பிடிக்கும் விளையாட்டு. 1984இல் 'எலெக்ட்ரோனிகா' என்ற அரசாங்கப் பெயரில் அதே கேம் வெளிவந்தது. முட்டை பிடிக்கிற ஓநாய் மட்டும், சோவியத் பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் ஓநாயாக மாறியிருந்தது. ஆகவே "முதலாளித்துவம் வந்ததால திருட்டும் வந்தது" எண்ட விளக்கம் இங்கே சரிவராது.

ஒரு தலைமுறையின் ரீவி

வாங்கிக்கொண்டு வீட்ட போனாலும் உடனே விளையாட ஏலாது. சோவியத் ரீவிகள் செக்காம் முறையில் ஓடின, டெண்டி பால் முறையில் படம் அனுப்பியது. பழைய ரீவியில் மரியோ கறுப்பு வெள்ளையில்தான் ஓடினான். கலர் வேணுமெண்டால் ரேடியோ திருத்துற ஆளைக் கூப்பிட்டு ரீவிக்குள்ள ஒரு டிகோடர் பூட்டவேணும். அம்மா அப்பாமாருக்கு வேற பயம்: இந்தச் சாமான் ரீவி டியூப்பைப் பழுதாக்கிப்போடும்! ரஷ்யாவில் இந்த நம்பிக்கை எவ்வளவு பரவியிருந்தது எண்டால், இண்டைக்கும் அந்தத் தலைமுறை அதைச் சொல்லிச் சிரிக்குது. எங்கட வீடுகளில இதே வசனத்தைக் கேட்ட ஆக்கள் கையைத் தூக்கலாம்.

கசெற்றுகளும் போலிதான். "9999 இன் 1" எண்டு அட்டையில் இருக்கும். உள்ளே உண்மையில் இருக்கிறது விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள். அதே கேம் வேற கட்டத்தில் தொடங்கும், கூடுதல் உயிரோட தொடங்கும், வேற பேரில் தொடங்கும்.

இதைச் சுற்றி ஒரு பண்பாடே வளர்ந்தது. 1993இல் டெண்டிக்கெண்டே ஒரு சஞ்சிகை தொடங்கியது. 1994 செப்டெம்பரில் 2x2 அலைவரிசையில் 'டெண்டி: புதிய யதார்த்தம்' என்ற நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் சிறுவர் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற செர்கேய் சுபோனெவ். புதுக் கேம் ஒன்றை அவர் விளக்குவதை நாட்டின் பிள்ளைகள் ரீவிக்கு முன்னால் இருந்து பார்த்தார்கள். இண்டைக்கு யூடியூபில் கேம் ரிவியூ பார்க்கிற எங்களுக்கு அது புதுசாத் தெரியாது. அந்த நாட்டில் அதற்கு முன்னால் அப்படி ஒண்டு இருக்கேல்ல.

கள்ளன் முகவரான கதை

1994 அளவில் விற்பனை 10 இலட்சத்தைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு பெரிய சந்தையை நிண்டெண்டோ இனிமேலும் காணாத மாதிரி இருக்க ஏலாது. போட்டிக் கொம்பனியான சேகாவின் இயந்திரங்களும் ரஷ்யாவுக்குள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் எதிர்பார்க்கிறது வழக்கு, தடை, பறிமுதல். நடந்தது வேற. 1994 நவெம்பரில் நிண்டெண்டோ ஸ்டீப்ளருடன் ஒப்பந்தம் செய்தது. தன் சுப்பர் நிண்டெண்டோவை ரஷ்யாவில் விற்கும் உரிமையை ஸ்டீப்ளருக்குக் கொடுத்தது, டெண்டி விசயத்தில் தான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றும் ஒத்துக்கொண்டது.

இதில மன்னிப்பு எண்டு ஒண்டும் இல்லை, கணக்குத்தான். கடைகள், விளம்பரம், சஞ்சிகை, ரீவி நிகழ்ச்சி எல்லாம் ஸ்டீப்ளரிடம் ஏற்கெனவே இருந்தது. அதையெல்லாம் உடைச்சுப்போட்டு நிண்டெண்டோ முதலில் இருந்து தொடங்குவதை விட, அதையே பாவிக்கிறது லாபம். சட்டத்தின் முன் கள்ளனாக இருந்த ஆள் ஒரு கையெழுத்தோட முகவராகிவிட்டார்.

ஆனால் ஸ்டீப்ளர் நீண்டகாலம் நிற்கவில்லை. கொம்பனியின் மற்ற வியாபாரங்களில் வந்த பணநெருக்கடியால் 1996இல் சரிந்தது. யானையும் போனது. போலிப் பெட்டிகள் வேற பேர்களில் தொடர்ந்து வந்தன, சனம் எல்லாத்தையும் "டெண்டி" எண்டுதான் கூப்பிட்டது.

அப்ப ஆருக்கு நட்டம்?

இந்த இடத்தில் இன்னொரு ரஷ்யரைக் கொண்டுவரவேணும். அலெக்சேய் பாஜித்னொவ் 1984இல் மொஸ்கோவில் விஞ்ஞான அக்கடமியின் கணினி நிலையத்தில் வேலை செய்தபோது டெட்ரிஸை எழுதினார். உரிமை அவரிடம் இல்லை, அரசிடம். 1989இல் நிண்டெண்டோ அரச நிறுவனமான எலொர்க்குடன் முறைப்படி ஒப்பந்தம் செய்து, டெட்ரிஸைக் கேம்போயுடன் விற்றது. கேம்போயில் மட்டும் அண்ணளவாக 3 கோடியே 50 இலட்சம் பிரதிகள் போயின. பாஜித்னொவ் கைக்கு உரிமைத்தொகை வரத் தொடங்கியது 1996இல்தான். 2023இல் வந்த 'டெட்ரிஸ்' படத்தைப் பார்த்த ஆக்களுக்கு இந்தக் கதை தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. டெட்ரிஸில் சட்டப்படி எல்லாம் சரி, படைத்தவருக்குக் காசு இல்லை. டெண்டியில் சட்டப்படி எல்லாம் பிழை, படைத்தவருக்கு அங்கயும் காசு இல்லை. அதுக்காக இரண்டும் ஒண்டு எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஸ்டீப்ளரை ஏழைகளின் தோழனாக்கவும் விருப்பமில்லை. அது லாபத்துக்கு நடந்த கொம்பனி, மற்றவனின் உழைப்பில் லாபம் பார்த்தது. ஆனால் "உரிமை" எண்ட சொல்லைக் கேட்டவுடன் அது படைத்தவருடைய உரிமையா, வாங்கி வைத்திருக்கிறவருடைய உரிமையா எண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்கு வேணும். போட்டோகொப்பிக் கடை வாசலில் நிற்கும்போதும் இதே கேள்விதான். விலை எட்டாத வெளிநாட்டுப் பாடநூலின் ஒரு அத்தியாயமும், எங்கட ஊர் எழுத்தாளர் கடன்பட்டுப் பதிச்ச 300 பிரதிக் கவிதைப் புத்தகமும் ஒரே மெசினுக்குள்ளதான் போகுது. இரண்டுக்கும் நியாயம் ஒண்டில்லை.

போலிக் கசெற்றுகளில் எங்களை அதிகம் உறுத்துவது காசு இல்லை. முகப்புத் திரையில் இருந்த கொம்பனிப் பெயரையும் வருடத்தையும் பல கசெற்றுகளில் அழித்துவிட்டிருந்தார்கள். ஒறிஜினல் கொம்பனிகளும் இதில் சுத்தம் இல்லை: போட்டிக் கொம்பனி ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், கப்கொம் போன்ற கொம்பனிகளின் கேம்களில் ஊழியர்களின் உண்மைப் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயர்களைத்தான் போட்டார்கள். ஆகவே ரஷ்யப் பிள்ளை ஒருத்தி இப்படியான கேம் ஒன்றைக் கடைசிவரை விளையாடி முடித்தாலும், அதைச் செய்தது ஆர் எண்டு அவளுக்குத் தெரிய வழி இல்லை. அந்தப் பெயர்களில் கனக்கவற்றை, அதே கேம்களில் வளர்ந்த இரசிகர்கள்தான் பிறகு பழைய பேட்டிகளையும் சஞ்சிகைகளையும் கிண்டித் தேடி எடுத்து எழுதிவைத்தார்கள். கொப்பி எடுக்கிற ஆக்கள் நாங்கள் செய்யக்கூடிய மிகக் குறைந்த வேலையும் அதுதான்: முதல் பக்கத்தையும் சேர்த்து எடுக்கிறது.